ஆர்டிஸ் கொடுத்த பாதிக் கோழி

என் அண்ணன் மெர்ல் கட்டிக்கொண்டு வந்த ஆர்டிஸுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது கேட்டால், கேட்டதற்கு உள்ளபடியே பதில் சொல்லிவிடுவாள். பாதிரியாரின் மனைவி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "மழைக்கு ஆகும்" என்றாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவே இல்லை. நான் ஆர்டிஸைத் திட்டினேன். "அவங்கதானே கேட்டாங்க?" என்றாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

வாரநாட்களில் அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். மற்ற நேரமெல்லாம் எங்கள் ஹார்லன் கார்னர்ஸ் தீயணைப்புக் கூடத்தில்தான் கிடப்பாள். எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. தலைவர் ராய்ஸ், ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடைக்காரர். மெர்ல் பண்ணைகளில் பால் எடுக்கிற லாரி ஓட்டுகிறவன். தீ என்று கூடத்துக் கூரையில் சங்கு ஊதினால் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நாங்கள் பெண்கள், துணைச் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, அவர்களுக்குக் காப்பியும், வண்டிக்குப் பணமும் தேடிக்கொடுப்போம். சங்கத்துக்கு ஆர்டிஸ்தான் தலைவி. தேர்தல் என்று ஒன்றும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பணத்துக்கு வழி, ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் கோழி விருந்துதான். கூடத்தின் பின்புறம் நீளமாகக் கல் அடுக்கிய குழி. அதில் கரி. மேலே கம்பிச் சட்டங்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவே பாதிப் பாதியாகப் பிளந்த கோழிகளை வரிசையாக அடுக்கி, இரண்டு முனையிலும் ஆள் நின்று ஒரே நேரத்தில் புரட்டவேண்டும். புரட்டியதும் வினிகர் சாற்றைத் தெளிக்கவேண்டும். அந்தச் சாற்றில் என்னவெல்லாம் போகிறது என்று ஆர்டிஸ் எனக்கே சொன்னதில்லை. "கேட்டா பதில் சொல்லுவியே, இப்ப சொல்லு" என்று ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். "சொல்ல மாட்டேன்ங்கறதுதான் என் பதில்" என்றாள்.

அந்த வருஷ விருந்து ஒரு லாரிக்காக. தண்ணி லாரி. எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் கிடையாது. எங்கே தீப்பிடித்தாலும் பாலத்தடி ஓடையிலிருந்து லாரியில் நிரப்பிக்கொண்டு போனால்தான் உண்டு. எங்களிடம் இருந்ததோ, எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்று கழித்துக் கொடுத்ததை நம் பையன்கள் தட்டி ஒட்டிச் சிவப்பு அடித்த கிழம். ஏறுவது எப்படியோ ஏறிவிடும். ஊருக்கு மேலே இருக்கிற டானர் மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் பிரேக் அலறும். ஊருக்கே கேட்கும். அதை ஓட்டுவது மெர்ல்.

பேருந்து ஓட்டுகிறவளுக்கு பிரேக் சத்தம் தெரியாதா? அந்த அலறல் கேட்கிறபோதெல்லாம் ஆர்டிஸின் முகம் வெளுத்துவிடும். சங்கு ஊதி லாரி கிளம்பிவிட்டால், அது மேட்டடிக்கு வந்து சேர்கிற வரைக்கும் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. எனக்கும் பயம்தான், அவன் என் கூடப் பிறந்தவன். ஆனால் நான் வாய்விட்டுப் புலம்பிவிடுவேன். அவள் புலம்ப மாட்டாள், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு தடவை பளபளவென்று இருந்த சட்டியையே மூன்றாம் முறை தேய்த்தாள்.

அடுத்த மாவட்டத்துப் படையினர் அவர்களுடைய நல்ல லாரியை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ராய்ஸ் போய்ப் பேசிவிட்டு வந்தார். கோழி விருந்து முடிகிறவரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். சேர்த்து வைத்ததும் இந்த விருந்தில் வருவதும் சேர்ந்தால் சரியாக இருக்கும். அன்றைக்கு ஆர்டிஸ் பாட்டுப் பாடிக்கொண்டே வெங்காயம் உரித்தாள். அவள் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுமையாக இருந்தது, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் வரித்துறையிலிருந்து போன் வந்தது.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள், தீயணைப்புக்காரர்கள் விற்பனை வரி வாங்காமல் சாப்பாடு விற்கிறார்கள் என்று. யார் போட்டது என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய உணவகத்தில் கோழி செருப்புத் தோல் மாதிரி இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூடத்துச் சமையலறையில் சுவரில் மாட்டிய போன். எடுத்தது ஆர்டிஸ். எதிர்முனையில் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும். நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேசியவர் பிரென்டிஸ் என்று ஓர் அதிகாரி. குரல் மரியாதையாகத்தான் இருந்தது. வருகிற காசெல்லாம் படைக்கே போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். வெளியாள் யாருக்காவது பங்கு உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம் ஒண்ணே ஒண்ணும்மா. வேலை செய்யறவங்களுக்குக் கூலி ஏதாவது குடுப்பீங்களா?"

"பின்ன? சும்மாவா வேலை வாங்குவோம்? எங்களைப் பாத்தா கொள்ளைக்காரங்க மாதிரி இருக்கா?"

என் கத்தி நின்றுவிட்டது. இல்லையென்று சொல், இல்லையென்று சொல் என்று தலையை ஆட்டினேன். என்னைப் பார்த்து, என்ன உனக்கு என்பது போல முகத்தைச் சுளித்தாள்.

"என்ன கூலிம்மா?"

"ஆளுக்குப் பாதிக் கோழி. கோஸ் சாலட் மிஞ்சினா அதுவும்."

அவர் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வரித்துறையிலிருந்து பதில் வந்ததும் ராய்ஸ் அதைக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். தன்னார்வத் தீயணைப்புப் படை நிதி திரட்ட நடத்தும் விற்பனைக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் வேலை செய்கிற ஒவ்வொருவரும் கூலி வாங்காதவராக இருக்கவேண்டும். நாங்கள் கூலி கொடுக்கிறோம். பாதிக் கோழி. ஆகவே இந்த விருந்துக்கு வரி வசூலிக்கவேண்டும், போன வருஷங்களுக்கும் பாக்கி கட்டவேண்டும். பாக்கியைக் கட்டினால் லாரிக்கு வைத்திருந்த பணத்தில் பெரிய ஓட்டை விழும். இந்த வருஷமும் அந்தக் கிழட்டு லாரிதான்.

எல்லோரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள்.

"ஏன் ஆர்டிஸ்," என்றார் ராய்ஸ், அழாத குறையாக. "அத கூலின்னு ஏன் சொன்னே?"

"குடுக்கறோம்ல?"

"குடுக்கறோம். இல்லேங்கல. ஆனா அது கூலியா?"

"உழைச்சவனுக்கு உழைப்பு முடிஞ்சதும் குடுக்கறோம். பின்ன அதுக்கு என்ன பேரு? நீயே சொல்லு."

ராய்ஸுக்குப் பெயர் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மெர்ல் மட்டும், "அந்தப் பாதிக் கோழிக்காகத்தான் நான் இவளைக் கட்டிக்கிட்டதே" என்றான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

"இந்த வருஷம் கோழி குடுக்கலேன்னு எழுதிடுவோம்" என்றார் ராய்ஸ். "வேணும்னா சாயங்காலம் பின்வாசல் வழியாக் குடுத்துக்கலாம். யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே" என்றாள் ஆர்டிஸ். "விடிகாலைலேருந்து புகையில நின்னு கண்ணு செவந்தவன வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன். திருட்டுத்தனமாவும் குடுக்க மாட்டேன். அப்படித்தான் செய்யணும்னா போய் வேற தலைவி பாத்துக்கோங்க."

வீட்டுக்குப் போகிற வழியில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உன் வாயாலதான் கெட்டது. யாரு அந்த லாரியில ஏறப்போறான்னு யோசிச்சியா? ஒரு 'இல்லை' சொல்லியிருந்தா என்ன, உன் பல்லு கொட்டியிருக்குமா?" என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்துவாள் என்று நினைத்தேன். நடையை நிறுத்திவிட்டு, "நெல்டா, ராத்திரில கண்ண மூடினா அந்த பிரேக் சத்தம்தான் கேக்குது எனக்கு" என்றாள். நான் அவள் கையைக் கோத்துக்கொண்டேன். வீடு வரை அப்படியே நடந்தோம்.

மறுநாள் அவளே போனை எடுத்து பிரென்டிஸைப் பிடித்தாள். "நாற்காலியில உக்காந்துகிட்டு எங்க கோழிக்குக் கணக்குப் பாக்காதீங்க சார். விருந்தன்னிக்கு நேர்ல வாங்க. எது கூலி, எது இல்லேன்னு உங்க கண்ணாலயே பாத்துட்டு எழுதுங்க." வருகிறேன் என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர்.

விருந்தன்றைக்கு வந்தே விட்டார். ஒல்லியான ஆள், முப்பதுகூட இருக்காது. கோழி சுடுகிற இடத்துக்கு வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் பளபளக்கிற காலணியுமாக வந்து நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. சாப்பாட்டுச் சீட்டு விற்கிற மேஜை என் பொறுப்பு. என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். மேஜைமேல் காசுப் பெட்டி ஒன்று, வரிக்கு என்று தனியாக ஒரு காப்பி டப்பா. ஒவ்வொருவரிடமும் சாப்பாட்டுக்குக் காசு வாங்கி, பிறகு டப்பாவைக் காட்டி வரிக்குச் சில்லறை கேட்கவேண்டும். அடேயப்பா, அன்றைக்கு நான் வாங்கிய பேச்சு!

"என் கோழிக்கு வரி சரி, அது மேல தெளிச்ச சாறுக்குமா வரி?" என்றார் எல்பர்ட். எழுபதைத் தாண்டிய பண்ணைக்காரர், வரிசையில் எப்போதும் முதல் ஆள்.

"அதுக்கும் சேத்துத்தான், எல்பர்ட். போடு டப்பால."

"பல்லு குத்தற குச்சிக்கு?"

"எல்பர்ட், பின்னால கூட்டம் நிக்குது."

ஒவ்வொரு சல்லிக்காசாக டப்பாவில் போட்டார், ஒவ்வொன்றும் விழுகிறபோது பிரென்டிஸைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பிள்ளைக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. ஆர்டிஸ் குழி ஓரத்திலிருந்து அவ்வப்போது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்டதற்கு, வேலை முடிந்ததும் பார்க்கலாம் என்றார்.

கூட்டம் நன்றாகச் சேர்ந்து, குழியில் கோழிகள் பாதி வெந்திருந்த நேரம், கூரைமேல் சங்கு ஊதியது.

எங்கள் விருந்துகளில் இது நடக்கிறதுதான். அதற்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. குழியருகே நிற்கிற ஆண்கள் மேலே கட்டியிருக்கிற ஏப்ரனைக் கழற்றிப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் எறிந்துவிட்டு ஓடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவராக இருந்தாலும், சீட்டுக்காக வரிசையில் நிற்பவராக இருந்தாலும், ஏப்ரன் யார் கைக்கு வந்ததோ வேலை அவருடையது. கோழி தீய்ந்துபோகக் கூடாது அல்லவா? மெர்ல் ஓடுகிற ஓட்டத்தில் தன் ஏப்ரனைச் சுருட்டி எறிந்தான். அது நேராக பிரென்டிஸின் மடியில் வந்து விழுந்தது.

அவர் அதை எடுத்து எனக்கு நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எல்பர்ட்டிடம் நீட்டினார். எல்பர்ட்டின் கழுத்தில் ஏற்கெனவே வேறொருவரின் ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் இன்னும் கடித்து முடிக்காத ரொட்டி.

"வரிக்கார சார்!" என்று குழியிலிருந்து ஆர்டிஸ் கத்தினாள். "அதக் கட்டிக்கிட்டு இங்க வாங்க! சட்டம் எரியுது!"

"அம்மா, நான் பார்வையிடத்தான்..."

"கிட்ட வந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்!"

கட்டிக்கொண்டு போனார். சட்டத்தின் ஒரு முனை அவருக்கு, மறுமுனை எல்பர்ட்டுக்கு. முதல் தடவை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புரட்ட, ஒரு பாதிக் கோழி நழுவித் தணலில் விழுந்தது. "உங்க டிபார்ட்மென்டுக்குப் போன பங்கு" என்றார் எல்பர்ட். இரண்டாம் தடவை சரியாக வந்தது. நாலாவது தடவையில் அந்தப் பிள்ளை கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, திருப்பு!" என்று தானே குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெள்ளைச் சட்டை மஞ்சளாகி, பிறகு கறுப்பாகியது.

தீ, டானர் மேட்டில் ஒரு வைக்கோல் கொட்டகையில். புகை எங்களுக்கே தெரிந்தது. தண்ணி லாரி ஓடைக்கு வந்து நிரப்பிக்கொண்டு, எங்கள் கூடத்தைத் தாண்டி மேட்டில் ஏறும். காலியானதும் திரும்ப இறங்கும். இறங்குகிறபோதெல்லாம் அந்த அலறல். அலறல் கேட்டதும் ஆர்டிஸ் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுச் சாலையைப் பார்ப்பாள். சிவப்பு தெரிந்ததும் திரும்பிக்கொள்வாள். மறுபடி ஏறிப் போனதும் மறுபடி பார்ப்பாள்.

நான் குழிக்குத் தண்ணீர்க் குவளை கொண்டுபோனபோது பிரென்டிஸ் மெதுவாகக் கேட்டார், "அவங்க எதுக்கு அந்தப் பக்கமே பாத்துகிட்டிருக்காங்க?"

"ஓட்டறது அவ புருஷன் சார். என் அண்ணன். நீங்க கட்டியிருக்கறது அவன் ஏப்ரன்தான்."

"அந்தச் சத்தம்?"

"பிரேக்கு."

"அதைச் சரி பண்ணக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பண்ணிப் பண்ணி ஓஞ்சுட்டோம் சார். வேற லாரி பாத்து வச்சிருக்கோம். அந்தக் காசத்தான் நீங்க கேக்கறீங்க."

அவர் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்பர்ட், "திருப்பு தம்பி" என்றார். திருப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு தடவை லாரி ஏறிப் போனது. திரும்பவேண்டிய நேரத்தில் திரும்பவில்லை. ஆர்டிஸ் கையில் இடுக்கியோடு அப்படியே நின்றாள். சாறு தெளிக்கச் சொல்லி யாரோ கேட்டார்கள், அவள் காதில் விழவில்லை. பிறகு மேட்டிலிருந்து ஹாரன் கேட்டது. விட்டுவிட்டு அல்ல, அமுக்கிப் பிடித்தபடி ஒரே முழக்கமாக. பிரேக் அலறவில்லை. அலறாததுதான் பயங்கரம். அலறுவதற்கு பிரேக் என்று ஒன்று இருக்கவேண்டுமே.

"சாலைய விட்டு விலகுங்க!" என்று ஆர்டிஸ் கத்திக்கொண்டு ஓடினாள். சாலையோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி இழுத்தோம். பிரென்டிஸ் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, காலியாக இருந்த குழந்தைத் தள்ளுவண்டியையும் காலால் உதைத்து ஒதுக்கினார். லாரி இறங்கி வந்தது. மெர்ல் அதைக் கீழ் கியரில் போட்டு இன்ஜினைக் கதற வைத்துக்கொண்டு வந்தான். எங்களைத் தாண்டிப் போனபோது அவன் முகம் தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பாலத்தைத் தாண்டி, சாலையை விட்டு, தீவனப் புல் அறுத்த வயலின் ஏற்றத்துக்குள் வண்டியைத் திருப்பினான். அது ஏற ஏற வேகம் குறைந்து, நின்று, லேசாகப் பின்னால் உருண்டு, ஒரு வேலிக் கம்பத்தில் முட்டிக்கொண்டு அடங்கியது.

ஆர்டிஸ் ஓடின ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மெர்ல் கதவைத் திறந்து இறங்கினான். அவளைப் பார்த்ததும், "பிரேக் போயிடுச்சு. கோழி ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றான். அவள் அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டாள்.

மேட்டுத் தீயை அடுத்த ஊர்ப் படையினர் வந்து அணைத்தார்கள். கொட்டகை பாதி போயிற்று. மாடுகள் ஒன்றுக்கும் ஆபத்தில்லை.

பொழுது சாயும்போது நம் ஆட்கள் கரியும் சேறுமாகத் திரும்பி வந்தார்கள். ஆர்டிஸ் முகம் கழுவிக்கொண்டு வந்து, எதுவும் நடக்காதது போல, வழக்கப்படி காகிதத்தில் சுற்றிய பாதிக் கோழிகளை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுக்க ஆரம்பித்தாள். வரித்துறைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று ராய்ஸ் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் பொருட்படுத்தவே இல்லை. எல்பர்ட்டிடம் நீட்டினாள்.

"வேணாம்மா. வயித்துல இடமில்ல. வேற யாருக்காவது குடு."

பிரென்டிஸ் சட்டென்று திரும்பினார். "ஏன் சார், இது கிடைக்கும்னுதானே இவ்வளவு நேரம் நின்னீங்க?"

எல்பர்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நான் காலைலயே காசு குடுத்துச் சீட்டு வாங்கி, ஒரு முழுத் தட்டு தின்னுட்டுத்தான் எந்திரிச்சு வந்தேன். உன் டப்பால வரியும் போட்டேன், நீதான் பாத்தியே. சாப்பாட்டுக்குக் காசும் குடுத்து, கவர்மென்டுக்கு வரியும் குடுத்து, அப்புறம் வேலைக்கும் வந்து நிக்கற கூலிக்காரன நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பிரென்டிஸ் சிரிக்கவில்லை. குழியருகே ஏப்ரன் கட்டி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பாதிப்பேர் அவர் கண்ணெதிரே சீட்டு வாங்கினவர்கள்.

ஆர்டிஸ் அடுத்த பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். "இது உங்களுது."

அவர் ஓர் அடி பின்வாங்கினார். "இல்லம்மா. நான் வாங்கக் கூடாது. என் வேலை அப்படி."

"காலைலேருந்து பட்டினி நீங்க. உங்க கண்ணப் பாருங்க, தக்காளி மாதிரி இருக்கு. கூலின்னு நெனச்சுட்டீங்களா?" சற்று நிறுத்தினாள். எனக்குத் திக்கென்றது. மறுபடி வாயைக் கொடுக்கப் போகிறாளே என்று. "கூலியா இருந்தா இதுக்கு மேல குடுத்திருப்பேன் சார். உங்க சட்டையே போச்சு. இது சும்மா சாப்பாடு. பசிச்சவனுக்குப் போடறது."

ராய்ஸ் தேடிக் கிடைக்காத பெயர் அதுதான், சாப்பாடு. ஏன் எங்களுக்கு அப்போது தோன்றவில்லை என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பிரென்டிஸ் என் மேஜைக்கு வந்தார். பர்சை எடுத்து, ஒரு சாப்பாட்டுக்கு உண்டான பணத்தை எண்ணி என் காசுப் பெட்டியில் போட்டார். போட்டுவிட்டு ஆர்டிஸிடம் கையை நீட்டினார். பொட்டலத்தைக் கொடுக்காமல் அவள் பிடித்துக்கொண்டாள்.

"வரி?" என்றாள். காப்பி டப்பாவைத் தாடையால் காட்டினாள். "எல்லாருகிட்டயும் வாங்கினோம். உங்களுக்கு மட்டும் என்ன சலுகை?"

அவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு அதன் மூடியை எடுத்து, டப்பாவை மூடி, என் பக்கம் நகர்த்தினார்.

"இதுக்கு வரி கிடையாதும்மா" என்றார். "பாக்கியும் கிடையாது. அறிக்கை எழுதறது நான்தான். இதையெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க."

ஆர்டிஸ் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு அங்கேயே கரிமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டு அழுதாள். கல்மாதிரி நின்று எல்லாவற்றையும் பார்த்தவள், அப்போது தேம்பித் தேம்பி அழுதாள். மெர்ல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினான். பிரென்டிஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, கார் பக்கம் நடந்தார்.

"சார்!" என்று அழுகைக்கு நடுவே ஆர்டிஸ் கூப்பிட்டாள். "ஏப்ரனைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. அது படைச் சொத்து."

டப்பாவில் இருந்ததை மறுவாரம் தேவாலய வாசலில் வைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம். ஒருவர்கூட வாங்கிக்கொள்ளவில்லை, எல்பர்ட்டைத் தவிர. தான் போட்ட சல்லிக்காசுகளை ஒன்று விடாமல் எண்ணி வாங்கிக்கொண்டு, அப்படியே லாரி நிதிக்குக் கொடுத்தார். இலையுதிர் காலத்துக்கு முன் அடுத்த மாவட்டத்து லாரி வந்து சேர்ந்தது.

அடுத்த கோடை விருந்தில் பிரென்டிஸ் வந்தார், இந்த முறை பழைய சட்டையில். சீட்டு வாங்கிச் சாப்பிட்டார். சங்கு ஊதுமா ஊதுமா என்று காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது, ஏனென்றால் ஊதியதும் மெர்லின் ஏப்ரனைத் தாவிப் பிடித்தார். மேட்டில் ஒரு புகைபோக்கித் தீ. புதிய லாரி ஏறிப் போயிற்று. நான் சீட்டு மேஜையிலிருந்து ஆர்டிஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து லாரி மேட்டிலிருந்து சத்தமே இல்லாமல் இறங்கி வந்து, கூடத்துக்கு முன்னால் நின்றது. மெர்ல் இறங்கி வந்து அவள் பின்னால் நின்றுகொண்டு தொண்டையைக் கனைத்தான்.

ஆர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அட, வந்துட்டியா?" என்றாள். "அந்த முனையப் பிடி, திருப்பணும்."